பம்ப் இல்லாத குளிர்ச்சி: ஜெனீவாவிலிருந்து வில்லிகன் வரை

முதல் நாள்: 18-ஆம் எண் டிராம்

லோசானில் மகள் வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. ஏரியும் மலையும் பார்த்தாகிவிட்டது. ஊரிலிருந்து கிளம்பும்போதே மனதில் குறித்துவைத்திருந்த பயணம் இன்று தொடங்கியது. அடுத்த சில நாட்களுக்கு இங்கே தினமும் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பயணம் எதற்கென்று புரியாது. 31 வருடம் துணை மின்நிலையங்களில் வேலை பார்த்தவன் நான். பவர் டிரான்ஸ்ஃபார்மரைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் இரு பக்கமும் தகடு தகடாக ரேடியேட்டர் நிற்கும். உள்ளே காயில் சூடாகும். சூடான எண்ணெய் இலேசாகி மேலே ஏறும். ரேடியேட்டருக்குள் வந்து ஆறும், கனத்துக் கீழே இறங்கும், திரும்பக் காயிலுக்குப் போகும். பம்பும் இல்லை, ஃபேனும் இல்லை. இதற்கு ஓ.என்.ஏ.என். என்று பெயர். எண்ணெயும் தானாக ஓடுகிறது, காற்றும் தானாக ஓடுகிறது என்று அர்த்தம். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் என்றால் ரேடியேட்டருக்கு ஃபேன் வைப்பார்கள்.

ஒரு மே மாத இரவு, நான் ஷிப்டில் இருந்தபோது அந்த ஃபேன்கள் வரிசையாக நின்றுபோயின. லோடு உச்சத்தில் இருந்தது. எண்ணெய்ச் சூட்டின் அலாரம் அடிக்க ஆரம்பித்தது. விடியும்வரை நானும் இரண்டு உதவியாளர்களும் ரேடியேட்டர் மேல் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்த சின்ன டிரான்ஸ்ஃபார்மருக்கு ஃபேனே கிடையாது. அது எந்தச் சலனமும் இல்லாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சுழலும் சாமான் எதுவும் இல்லாத குளிர்ச்சி மேல் எனக்கு வந்த மரியாதை அந்த இரவில்தான் வந்தது. இன்றுவரை குறையவில்லை.

சரி, எங்கள் யார்டில் ஃபேன் நின்றால் ஓடிப்போய்த் தண்ணீர் அடிக்கலாம். ஓடிப்போக முடியாத இடத்தில் என்ன செய்வார்கள்? அணுவைவிடச் சிறிய துகள்களைக் கற்றையாக (பீம் என்பார்கள்) அதிவேகத்தில் ஓடவிடும் துகள் முடுக்கிகள் அப்படிப்பட்ட இடங்கள். நூறு மீட்டர் ஆழத்தில், கதிர்வீச்சுக்கு நடுவில், வெற்றிடக் குழாய்க்குள் ஒரு பாகம் சூடாகிறது. பீம் ஓடும்போது மனிதர் யாரும் அருகே போக முடியாது. அங்கே வெப்பத்தை எப்படி வெளியே எடுக்கிறார்கள் என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

லோசானிலிருந்து ரயிலில் ஜெனீவா கொர்னவான் நிலையம். அங்கிருந்து 18-ஆம் எண் டிராம். அதன் கடைசி நிறுத்தத்தின் பெயரே செர்ன், ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் பெயர். இறங்கினால் ஒரு பக்கம் மரத்தால் கட்டிய பெரிய உருண்டை மண்டபம், மறுபக்கம் 2023-இல் திறந்த சயின்ஸ் கேட்வே. பார்க்கக் கட்டணம் இல்லை. திங்கட்கிழமை மட்டும் மூடியிருக்கும்.

வளாகத்துக்குள் நடராஜர் நிற்கிறார். 2004 ஜூன் 18 அன்று திறந்த சிலை, இந்திய அரசு கொடுத்தது, 2 மீட்டர் உயரம். படத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனாலும் நேரில், அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவில், தூக்கிய இடது கையில் தீச்சுடரோடு அவர் ஆடுவதைப் பார்த்ததும் சிதம்பரத்துப் பக்கத்து ஆளான எனக்குத் தொண்டை அடைத்தது. கையெடுத்துக் கும்பிட்டேன். பக்கத்தில் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்த ஓர் இளைஞர் புன்னகையோடு விலகி வழிவிட்டார்.

இரண்டாம் நாள்: அசையாத குளம்

இன்றைக்குப் பார்த்தது எஸ்.எம்.18 என்ற காந்தச் சோதனைக் கூடம். புரோட்டான்களை எதிரெதிரே ஓடவிட்டு மோதவைக்கும் எல்.எச்.சி. என்கிற பெரிய ஹேட்ரான் மோதுவியின் காந்தங்களை நிலத்தடிச் சுரங்கத்துக்கு அனுப்பும் முன் இங்கேதான் குளிரவைத்துச் சோதித்தார்கள். வழிகாட்டி ஓர் இத்தாலியப் பெண், கிரையோஜெனிக்ஸ், அதாவது கடுங்குளிர்த் தொழில்நுட்பப் பிரிவில் வேலை பார்ப்பவர். நான் மின்நிலையத்து ஆள் என்று சொன்னதும் மற்றவர்களை விட்டுவிட்டு என்னோடு கொஞ்சம் அதிக நேரம் பேசினார்.

கூடத்துக்குள் நீல நிறத்தில் நீள நீளமான உருளைகள். ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம், 35 டன் எடை. சுரங்கத்தின் சுற்றளவு 27 கிலோமீட்டர், அதில் இந்த வளைப்புக் காந்தங்கள் மட்டும் 1232. நயோபியம்-டைட்டேனியம் கம்பியில் கிட்டத்தட்ட 12,000 ஆம்பியர் ஓடுகிறது. காந்தப் புலம் 8.33 டெஸ்லா. மின்தடை இல்லாத நிலையில் இவ்வளவு ஓட வேண்டுமானால் கம்பி 1.9 கெல்வினில் இருக்க வேண்டும். அதாவது மைனஸ் 271.3 டிகிரி செல்சியஸ். விண்மீன்களுக்கு இடையே இருக்கும் வெறும் வெளிகூட 2.7 கெல்வின்.

ஒரு காந்தத்தைக் குறுக்கே வெட்டி வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால்தான் அரை மணி நேரம் நின்றேன்.

நான் எதிர்பார்த்து வந்தது வேறு. இத்தனை குளிர் வேண்டுமென்றால் காயிலுக்கு உள்ளே திரவ ஹீலியத்தைப் பலமாகப் பம்ப் பண்ணி ஓடவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. காயில் முழுவதும் ஹீலியத்தில் மூழ்கிக் கிடக்கிறது. அந்த ஹீலியம் ஓடுவதில்லை, சும்மா நிற்கிறது. வளிமண்டல அழுத்தத்தைவிடச் சற்றே கூடுதலான அழுத்தத்தில் ஒரு குளம் போலத் தேங்கிக் கிடக்கிறது. கேபிளின் இழைகளுக்கு நடுவிலும் அதே ஹீலியம் புகுந்து நிற்கிறது.

தேங்கிய திரவம் எப்படி வெப்பத்தை எடுத்துப் போகும்? இங்கேதான் ஹீலியத்தின் விசேஷம். 2.17 கெல்வினுக்குக் கீழே போனதும் அது சாதாரணத் திரவமாக இருப்பதில்லை, உராய்வே இல்லாமல் பாயும் மீபாய்மம் ஆகிவிடுகிறது. மாஸ்கோவில் கப்பிட்சாவும் கேம்பிரிட்ஜில் ஆலன், மைஸ்னர் இருவரும் 1937-இல் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். அந்த நிலையில் அது வெப்பத்தைக் கடத்துவது தூய செம்பைவிடப் பல நூறு மடங்கு மேல். கண்ணாடிக் குடுவையில் திரவ ஹீலியத்தைக் குளிர்வித்துக்கொண்டே போனால், அந்த எல்லையைத் தாண்டும் கணத்தில் கொதிப்பு சட்டென்று நின்றுவிடும். கொப்புளம் வர வேண்டுமென்றால் ஓர் இடத்தில் வெப்பம் சேர வேண்டும். இங்கே சேர விடுவதே இல்லை, வந்த வெப்பம் அத்தனையும் அதே நொடியில் மேற்பரப்புக்குப் போய்விடுகிறது. வழிகாட்டி காட்டிய வீடியோவில், கலங்கிக் கொதித்துக்கொண்டிருந்த திரவம் கண்ணாடி போலத் தெளிந்து நின்றதைப் பார்த்தபோது கூடவே இருந்த பள்ளிப் பிள்ளைகள் "ஓ" என்று கத்தினார்கள். நானும்தான்.

ஆக, காயிலில் பிறக்கிற வெப்பம் அசையாத குளத்தின் வழியாகத் தானே நடந்துபோய் ஒரு செம்புக் குழாயை அடைகிறது. காந்தங்களுக்கு ஊடே, சுமார் 107 மீட்டர் நீளத்துக்கு ஒன்றாக, இந்தக் குழாய் போகிறது. அதற்குள் குறைந்த அழுத்தத்தில் கொஞ்சம் ஹீலியம் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. அந்த ஆவியை இழுப்பதற்குப் பம்ப் உண்டு, கம்ப்ரசர் உண்டு, எல்லாம் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. 4.5 கெல்வினில் 18 கிலோவாட் எடுக்கக்கூடிய குளிர்விப்பு ஆலைகள் எட்டு இருக்கின்றன. 1.9 கெல்வினில் ஒரு வாட் வெப்பத்தை எடுக்க அறை வெப்பநிலையில் ஆயிரம் வாட்டுக்கு அருகில் செலவாகிறது. ஆனால் காயிலுக்கும் அந்தக் குழாய்க்கும் இடையே உள்ள பாதையில், கதிர்வீச்சும் காந்தப் புலமும் உள்ள அந்த இடத்தில், சுழல்கிற சாமான் ஒன்றுமில்லை. எங்கே பழுது பார்க்க முடியாதோ அங்கே பழுதாகும் பொருளையே வைக்கவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் தொட்டியை முதலில் வடிவமைத்தவர் இதைப் பார்த்தால் கட்டிப்பிடித்துக்கொள்வார்.

ஒரு வாட்டுக்கு ஆயிரம் வாட் என்பதால் வெளியிலிருந்து உள்ளே வெப்பம் வராமல் தடுப்பது இன்னும் முக்கியம். அங்கேயும் ஓடாத சாமான்கள்தான் காவல். உருளைக்கும் காந்தத்துக்கும் நடுவில் வெற்றிடம். அதில் அலுமினியம் பூசிய மெல்லிய தாள்கள், வெப்பக் கவசத்தின் மேல் 30 அடுக்கு, காந்தத்தின் மேல் 10 அடுக்கு. தொட்டுப் பார்க்க ஒரு துண்டு கொடுத்தார்கள். கல்யாண மண்டபத்து ஜிகினாத் தாளைவிட மெல்லியது, நடுநடுவே வலை போன்ற துணி. அவ்வளவு கனமான காந்தத்தைத் தாங்குவது மூன்று கால்கள். உலோகத்தில் கால் வைத்தால் வெப்பம் ஏறிவிடும் என்பதால் கண்ணாடி இழையும் எப்பாக்சியும் சேர்ந்த குழாய்கள். சில மில்லிமீட்டர் தடிமன்தான். குட்டையாக, பானை வைக்கும் பிரிமணை போல இருக்கிறது. ஒரு பக்கம் அறைச்சூடு, மறுபக்கம் 1.9 கெல்வின்.

உருளைக்கு வெளியே, தரையில் ஊன்றி நிற்கும் ஜாக்குகளைக் காட்டி வழிகாட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். "இவை உங்கள் நாட்டிலிருந்து வந்தவை" என்றார். ஏறத்தாழ 7000 ஜாக்குகள், இந்தூரில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வு மையத்தின் பொறுப்பில் இந்தியாவில் செய்து அனுப்பியவை. ஒரு காந்தத்துக்கு மூன்று. குனிந்து கையால் ஒரு தடவை தட்டிப் பார்த்தேன். நல்ல கனத்த சத்தம்.

2008 செப்டம்பர் 19 பற்றியும் கேட்டேன். இரண்டு காந்தங்களுக்கு இடையே இருந்த மின் இணைப்பு ஒன்று சரியில்லாமல் சூடாகி, தீப்பொறி ஓடி, ஹீலியக் கூடு ஓட்டையாகி, டன் கணக்கில் ஹீலியம் சுரங்கத்துக்குள் பீறிட்டது. 53 காந்தங்களை மேலே கொண்டுவர வேண்டியதாயிற்று. இயந்திரம் மறுபடி ஓட 2009 நவம்பர் ஆனது. குளிர்ச்சி எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒரு மோசமான ஜாயிண்ட் போதும். எங்கள் யார்டிலும் பெரும்பாலான தீ ஜாயிண்டில்தான் ஆரம்பிக்கும். அதை அவரிடம் சொன்னேன். "அது எங்கும் ஒன்றுதான் போல" என்றார்.

மூன்றாம் நாள்: செஸ்ஸி, பிறகு மறுபடி மெய்ரின்

சனிக்கிழமை. மாப்பிள்ளை காரை எடுத்தார். மகளும் பேத்தி நிலாவும் வந்தார்கள். எல்லை தாண்டிப் பிரான்சில் செஸ்ஸி என்ற கிராமம், ஜூரா மலையடிவாரம். சி.எம்.எஸ். என்ற மோதல் உணர்கருவி அந்தக் கிராமத்துக்குக் கீழேதான் இருக்கிறது. 14,000 டன். கீழே இறங்க அனுமதி இல்லை, இயந்திரம் ஓடும் காலத்தில் யாருக்குமே இல்லை. மேலே கூடத்தில் ஆளுயரத்தைப் பல மடங்கு மிஞ்சும் முழு அளவுப் படம் வைத்திருக்கிறார்கள். அதன் முன் நின்று நிலா தன் உயரத்தை அளந்து பார்த்தாள்.

அதன் நடுவில் ஒரு சோலினாய்டு, அதாவது வட்டமாகச் சுற்றிய ஒரே காயில். உள்விட்டம் 6 மீட்டர், நீளம் 12.5 மீட்டர், 3.8 டெஸ்லா. பூமியின் காந்தப் புலத்தைப் போல ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு. நான் இங்கே வந்ததற்குக் காரணம் அதைக் குளிர்விக்கும் விதம். காயிலுக்கு மேலே உயரத்தில் ஒரு ஹீலியத் தொட்டி. அதிலிருந்து 4.5 கெல்வினில் திரவம் தன் எடையால் கீழே இறங்குகிறது. காயிலைச் சுற்றியுள்ள அலுமினிய உருளையில் பற்றவைத்த குழாய்களுக்குள் போகிறது. அங்கே வெப்பத்தை வாங்கிக்கொண்டு அதில் ஒரு பகுதி ஆவியாகிறது, ஆவி கலந்த திரவம் இலேசாகிறது, மேலே ஏறித் தொட்டிக்கே திரும்புகிறது. ஆவி பிரிந்து போக, திரவம் மறுபடி இறங்குகிறது. தெர்மோசைஃபன்.

மாப்பிள்ளையிடம், "இது அப்படியே நம்ம டிரான்ஸ்ஃபார்மர்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"மாமா, எண்ணெய்க்குப் பதில் ஹீலியம், அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ரேடியேட்டர் தகட்டுக்குப் பதில் மேலே இருக்கிற தொட்டி. சூடு ஏறினால் சுற்றோட்டம் தானாக வேகம் பிடிக்கும். யாரும் வால்வைத் திருப்ப வேண்டாம்."

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கடைசி விஷயம். பம்பை வைத்தால் எவ்வளவு ஓட வேண்டும் என்று அதற்கு யாராவது சொல்ல வேண்டும். தெர்மோசைஃபனுக்கு வெப்பமே கட்டளை. அளவை மிஞ்சாதவரை, அதிகம் சூடானால் அதிகம் ஓடும். மின்சாரம் போனாலும் மேலே தொட்டியில் திரவம் இருக்கும்வரை ஓட்டம் நிற்காது. 2.3 கிகாஜூல் ஆற்றலைத் தேக்கி வைத்திருக்கும் ஒரு காயிலை மெதுவாக, பதற்றமில்லாமல் இறக்க அந்த அவகாசம் வேண்டும். வளையத்தின் எதிர்ப்பக்கத்தில் இருக்கும் போட்டி உணர்கருவியான அட்லஸில் பெரிய டொராய்டு காந்தங்களுக்கு ஹீலியத்தைப் பம்ப் வைத்தே ஓட்டுகிறார்கள். அதன் குழாய்கள் நீண்டு வளைந்து எல்லாத் திசையிலும் போவதால் எடையை மட்டும் நம்ப முடியாது. ஆக எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. பொருந்தும் இடத்தில் இதைவிட நல்லது இல்லை என்பது என் கட்சி.

அதே அட்லஸில் இன்னொரு பக்கம் தெர்மோசைஃபன் வந்துவிட்டது. மதியம் செர்னின் முதன்மை வளாகம் இருக்கும் மெய்ரினுக்குத் திரும்பி, அட்லஸ் கட்டடத்தின் வெளியே நின்று அண்ணாந்து பார்த்தோம். உணர்கருவியின் நடுவில் உள்ள சிலிக்கான் தகடுகள் தாம் வேலை செய்யும்போதே சூடாகின்றன. கதிர்வீச்சைத் தாங்க வேண்டுமானால் அவை உறைநிலைக்கும் கீழே இருக்க வேண்டும். பெர்ஃபுளோரோபுரோப்பேன் என்ற வாயுவை அங்கே ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறார்கள். முதலில் அந்த ஆவியைக் கம்ப்ரசர்கள் அழுத்தித் திரும்ப அனுப்பின. கம்ப்ரசர் என்றால் பராமரிப்பு ஓயாது. பிறகு யாருக்கோ ஓர் எளிய யோசனை. உணர்கருவி நூறு மீட்டர் ஆழத்தில்தானே இருக்கிறது, அந்த ஆழத்தையே பம்பாக வைத்துக்கொண்டால் என்ன? தரைமட்டத்துக்கு மேலே குளிர்ந்த கண்டென்சரை வைத்தார்கள். அங்கே ஆவி திரவமாகிறது, 90 மீட்டருக்கு மேல் குழாயில் இறங்குகிறது. தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனமான திரவம் அது, கீழே வந்து சேரும்போது அழுத்தம் 10 பாருக்கும் மேல். ஆவியானது தானே மேலே குளிர்ந்த இடத்தைத் தேடிப் போகிறது. கண்டென்சரைக் குளிர்விக்க மேலே இயந்திரம் வேண்டும்தான். ஆனால் அது தரைமேல் இருக்கிறது, ஸ்பானரோடு ஆள் போகலாம்.

கிணறு ஆழமென்று கவலைப்படுவோம். ஆழமே வேலை செய்கிற கிணற்றை இன்றுதான் பார்த்தேன்.

நான்காம் நாள்: புருக்

ரயில் பயணம் மட்டும். மகள் கட்டித்தந்த எலுமிச்சை சாதம், வழியெல்லாம் பச்சை. வடக்கே ஆர்காவ் மாநிலத்தில் புருக் என்ற சின்ன ஊரில் இறங்கினேன். நாளைக்கு இங்கிருந்து மஞ்சள் நிற அஞ்சல் பேருந்தில் வில்லிகன் போக வேண்டும். இன்னொரு பெரிய முடுக்கி, பால் ஷெரர் நிறுவனத்தில், அங்கே இருக்கிறது.

பேருந்து நிறுத்தத்தில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒருவர் பக்கத்தில் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும்.

"ஐயா, இந்தியாவிலையிருந்தோ வாறியள்?"

யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடத்துக்கு மேல் இந்தப் பக்கத்தில் இருக்கிறார். சமையல் வேலை. எங்கே போகிறேன் என்று சொன்னேன்.

"உந்த இடத்தாலைதான் நான் ஒவ்வொரு நாளும் போறனான். உள்ளுக்க என்ன செய்யினம் எண்டு இண்டுவரைக்கும் தெரியாது."

தெரிந்ததைச் சொன்னேன். உள்ளே ஒரு கிராஃபைட் சக்கரம் இரவும் பகலும் சுழல்கிறது, புரோட்டான் கற்றை அதன் விளிம்பைத் தாக்குகிறது, சக்கரம் தணலாக எரிகிறது என்று.

"கிராஃபைட் எண்டால் பென்சிலுக்க இருக்கிற கரியோ?"

"அதேதான்."

"தணலா நிக்குது எண்டுறியள். தண்ணி அடிக்கேல்லையோ?"

31 வருடம் வேலை பார்த்த நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவர் முதல் நிமிடத்திலேயே கேட்டுவிட்டார். அடிக்கவில்லை, அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன் என்றேன். பேருந்து வந்தது. ஏறும் முன் தன் பையிலிருந்து இரண்டு ஆப்பிள் எடுத்துக் கையில் திணித்துவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள்: தணல் சக்கரம்

பால் ஷெரர் நிறுவனம் ஆரே நதியின் இரு கரையிலும் பரவியிருக்கிறது, நடுவே பாலம். 1988-இல் இரண்டு ஆய்வு மையங்களை இணைத்து உருவாக்கியது. மாப்பிள்ளையின் நண்பர் ஏற்பாட்டில் ஒரு குழுவோடு சேர்ந்துகொண்டேன். உள்ளே போக அடையாள அட்டை வேண்டும், கையில் கதிர்வீச்சு அளவி கொடுக்கிறார்கள்.

பெரிய கூடம். எங்கு பார்த்தாலும் கான்கிரீட் கட்டிகள், பிள்ளைகள் விளையாடும் மரக்கட்டைகளை ஒரு பூதம் அடுக்கியது போல. அவற்றுக்கு அடியில் 1974-இலிருந்து ஓடும் வளைய சைக்ளோட்ரான், அதாவது துகள்களைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு வேகமேற்றும் முடுக்கி, எட்டு பிரம்மாண்டமான காந்தங்கள். புரோட்டான்களை 590 மெகா எலக்ட்ரான்வோல்ட்டுக்கு, ஒளியின் வேகத்தில் ஐந்தில் நாலு பங்குக்குக் கொண்டுபோகிறது. மின்னோட்டம் இரண்டு மில்லி ஆம்பியருக்குச் சற்று மேல். மில்லி ஆம்பியர் என்றதும் சின்னதாகத் தோன்றும். வோல்ட்டோடு பெருக்கிப் பாருங்கள், 1.3 மெகாவாட். ஒரு விரல் தடிமன்கூட இல்லாத கற்றையில்.

அந்தக் கற்றை போகிற வழியில் டார்கெட் ஈ என்ற சக்கரம் இருக்கிறது. விட்டம் சுமார் 45 சென்டிமீட்டர், நம் வீட்டுத் தோசைக்கல்லைவிடச் சற்றுப் பெரிது. விளிம்பில் கற்றை கடக்கும் தூரம் 4 சென்டிமீட்டர் கிராஃபைட். அதில் மோதும் புரோட்டான்களிலிருந்து பையான்கள் என்ற அற்பாயுள் துகள்கள் பிறக்கின்றன, அவை சிதைந்து மியூவான்கள் என்ற வேறு துகள்கள் ஆகின்றன. உலகின் மிகச் செறிவான தொடர் மியூவான் கற்றை இங்கேதான். மோதாமல் தப்பிய பெரும்பகுதி அப்படியே தொடர்ந்து போய் நியூட்ரான் மூலத்துக்குப் பயன்படுகிறது.

அந்த 4 சென்டிமீட்டரில் தங்கிவிடும் வெப்பம் பல பத்துக் கிலோவாட். சக்கரம் இருப்பது வெற்றிடம், எனவே காற்று தொட்டு ஆற்றாது. சுழல்கிற சக்கரத்தின் விளிம்புக்குத் தண்ணீர்க் குழாய் கொண்டுபோனால் அதுவும் கற்றையின் தாக்குதலில் மாட்டும், கசிந்தால் கதை முடிந்தது. ஆகவே வெப்பம் போக ஒரே வழியை விட்டுவைத்தார்கள். சக்கரம் சூடாகட்டும், சூடாகி ஒளிரட்டும், ஒளியாகவே வெப்பத்தைக் கொட்டட்டும். அது 1700 கெல்வின் வரை போகிறது, 1400 டிகிரி செல்சியஸுக்கும் மேல். சுற்றி நிற்கும் செம்புச் சுவர் அந்த ஒளியை வாங்கிக்கொள்கிறது. தண்ணீர் ஓடுவது அந்தச் சுவரில்தான், சக்கரத்தைத் தொடாமல், தள்ளி.

இது நடப்பதற்குக் காரணம் ஒரு நான்காம் அடுக்கு. பொருள் வெளிவிடும் கதிர்வீச்சு அதன் கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. வெப்பநிலை இரட்டித்தால் பதினாறு மடங்கு. அறையில் 300 கெல்வினில் கிடக்கும் கரித்துண்டு சதுர சென்டிமீட்டருக்கு 0.05 வாட்டுக்கும் குறைவாக விடும். அதே கரி 1700 கெல்வினில் சதுர சென்டிமீட்டருக்கு 47 வாட் வரை விட முடியும், ஆயிரம் மடங்கு. கிராஃபைட் அந்தச் சூட்டிலும் உருகுவதில்லை, நிறமும் கறுப்பு, கறுப்புதான் நன்றாகக் கதிர்வீசும். எங்கள் ஆட்கள் வெப்பத்தை எப்போதும் எதிரியாகவே பார்ப்போம், எண்ணெய் 85 டிகிரி தாண்டினால் தூக்கம் போய்விடும். இங்கே வெப்பத்தையே குளிர்விக்கும் கருவியாக வைத்திருக்கிறார்கள். சூடானதால்தான் அது ஆறுகிறது. இதை ஒரு பெரிய எண்ணம் என்று தயங்காமல் சொல்வேன்.

சக்கரம் நொடிக்கு ஒரு சுற்று. ஒரே புள்ளி தொடர்ந்து அடிபடாமல் விளிம்பு முழுக்க அடியைப் பங்கு போட்டுக்கொள்ளத்தான் சுழற்சி. ஒரு புள்ளி கற்றைக்குக் கீழே வரும், போகும், மறுபடி வருவதற்குள் கொஞ்சம் கொட்டிவிடும். கதிர்வீச்சு பட்டுப் பட்டுக் கிராஃபைட் வடிவம் மாறும் என்பதால் விளிம்பை 12 துண்டுகளாக்கி இடைவெளி விட்டிருக்கிறார்கள். ரயில் தண்டவாளத்தில் விடுவது போல. ஒரே வளையமாக இருந்தால் கோணிவிடும்.

ஆக சுழல்கிற சாமான் இங்கே இருக்கிறது, பேரிங் இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டேன். வெற்றிடத்தில், அந்தச் சூட்டில், கதிர்வீச்சில் கிரீஸ் நிற்காது. வெள்ளி பூசிய பேரிங்கைப் பயன்படுத்துகிறார்கள். வழிகாட்டியாக வந்த பொறியாளர் வெள்ளைத் தாடிக்காரர், ஒரு பழைய பேரிங்கை என் உள்ளங்கையில் வைத்தார். பயன்படுத்தாதது, பயப்பட வேண்டாம் என்றார். "இந்தச் சக்கரத்தில் பழுதாகக் கூடியது இது ஒன்றுதான். ஆகவே எங்கள் உழைப்பெல்லாம் இதற்குத்தான் போனது." சக்கரத்தை மாற்ற வேண்டுமென்றால் கனத்த கவசப் பெட்டியை மேலிருந்து கிரேனில் இறக்கி, உள்ளே இழுத்துக்கொண்டு, கதிர்வீச்சுள்ள பொருட்களைக் கையாளும் சூட்டறைக்குக் கொண்டுபோய்த் தடித்த கண்ணாடிக்கு வெளியே நின்று இயந்திரக் கையால் கழற்றுகிறார்கள். இந்த வடிவத்தைப் பார்த்துத்தான் ஜப்பானில் ஜே-பார்க் என்ற முடுக்கி மையமும் 2014-இல் தன் மியூவான் இலக்கைச் சுழலும் கிராஃபைட்டாக மாற்றியது.

சக்கரத்தை நேரில் பார்க்க முடியாது. நான் நின்ற இடத்துக்கு அடியில், சில மீட்டர் கான்கிரீட்டுக்குக் கீழே அது எரிந்துகொண்டிருந்தது. தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

அதே மேற்குக் கரையில் ஒரு வட்டக் கட்டடம், எலக்ட்ரான்களை வளையத்தில் ஓட்டி எக்ஸ்-கதிர் எடுக்கும் சுவிஸ் ஒளி மூலம். அதன் வளையத்தைப் புதுப்பித்தபோது கற்றையை வளைக்கும் காந்தங்களை நிரந்தரக் காந்தங்களாக மாற்றியிருக்கிறார்கள். மின்சாரமே போகாத காந்தத்துக்குக் குளிர்ச்சியும் வேண்டாம், தண்ணீர்க் குழாயும் வேண்டாம். அறைச்சூடு ஏறி இறங்கினால் நிரந்தரக் காந்தத்தின் பலம் சற்று மாறும். பிரான்சில் கிரனோபிளில் உள்ள இதே வகை வளையத்தில் அதற்கும் ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள். இரும்பு-நிக்கல் தகடு ஒன்றைக் காந்தத்தின் பக்கத்தில் ஒட்டிவிடுகிறார்கள். குளிரும்போது அது காந்தப் புலத்தில் ஒரு பங்கைத் திருடிக்கொள்ளும், சூடாகும்போது திருட்டைக் குறைத்துக்கொள்ளும். இரண்டும் ஈடாகிவிடும். கருவி இல்லை, கம்பி இல்லை. கிரனோபிளுக்கு இந்த முறை நேரமில்லை.

இரவு, திரும்பும் ரயிலில் இதை எழுதுகிறேன். போக விரும்புகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை: வில்லிகனுக்கு முன்பதிவு அவசியம். செஸ்ஸி பிரான்சில் இருப்பதால் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே நிலா வீடியோவில் வந்தாள். சக்கரத்தைப் பற்றிச் சொன்னேன்.

"தாத்தா, பீமை நிறுத்திட்டா அது எவ்வளவு நேரத்துல ஆறும்?"

தாளை எடுத்து இரண்டு பேரும் போட்டுப் பார்த்தோம். 1700-இலிருந்து 850-க்கு வந்ததும் கொட்டும் வேகம் பதினாறில் ஒன்றாகிவிடும். 425-க்கு வந்தால் இன்னொரு பதினாறில் ஒன்று. முதல் சில நூறு டிகிரி மளமளவென்று இறங்கும், தணல் நிறம் சீக்கிரமே போய்விடும். கறுத்த பிறகுதான் தாமதம், கடைசி நூறு டிகிரி இழுத்துக்கொண்டே கிடக்கும்.

"அப்போ கறுப்பா இருக்கும்போதுதான் தொடக் கூடாது" என்றாள்.

ஆமாம் என்றேன். ரயில் ஃபிரிபூர் தாண்டிக்கொண்டிருந்தது.